முதல் செஸ் ரேட்டிங் போட்டியில் ஓர் ஆட்டத்தை ஆடி முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காய்களை நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு, ஆன்லைனில் ஓரளவு ஜெயிக்கிறவர்களுக்கு, ஆனால் ஹாலுக்குள் போய் இன்னும் உட்காராதவர்களுக்கு இது. பெற்றோரும் படிக்கலாம்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செஸ் தெரியாமல் தோற்பதில்லை. வேலைகளைச் செய்யும் வரிசை தெரியாமல்தான் தோற்கிறார்கள். ஆன்லைனில் தவறான நகர்த்தலைத் திரை ஏற்காது, கடிகாரம் தானாக மாறும், நகர்த்தல்கள் தானாகப் பதிவாகும். ஹாலில் இந்த மூன்றுமே உங்கள் பொறுப்பு. கீழே சொல்வதெல்லாம் 90 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி இன்கிரிமென்ட்டும் (கடிகாரத்தில் கூடும் நேரம்) உள்ள கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர, ஆட்டத்துக்கு. வேகமாக ஆடும் ரேபிட், பிளிட்ஸ் போட்டிகளின் விதிகள் சில இடங்களில் மாறும்.

1. கிளம்புவதற்கு முன்

போட்டியின் அறிவிப்புத் தாளில் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: நேர அளவு, எத்தனை நிமிடம் தாமதமாக வந்தால் தோல்வி, இத்தனை நகர்த்தலுக்கு முன் டிரா பேசக்கூடாது என்ற நிபந்தனை உண்டா, செல்போனை எங்கே வைப்பது. தாமத அளவைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிப்படி அது பூஜ்யம். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நாற்காலியில் ஆள் இல்லை என்றால் புள்ளி போய்விடும்.

இரண்டு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று. நாளுக்கு இரண்டு ரவுண்டு என்றால் மதியத்துக்குக் கொஞ்சம் தயிர் சாதம் போதும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று மணி ரவுண்டில் பதினைந்தாவது நகர்த்தலில் கொட்டாவி விடும் பெரியவர்களை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம்.

செல்போனையும் ஸ்மார்ட் வாட்ச்சையும் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். "ஸ்விட்ச் ஆஃப் பண்ணித்தானே பையில வெச்சிருக்கேன்" என்ற சமாதானம், அறிவிப்பிலோ நடுவரிடமோ முன்கூட்டியே அனுமதி இல்லாவிட்டால் எடுபடாது. ஆடும் இடத்தில் சாதனம் உங்களிடம் இருப்பது தெரிந்தாலே ஆட்டம் தோல்வி. சும்மா மணி பார்க்கக் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் என்றாலும் இதே கதிதான்.

2. போர்டைக் கண்டுபிடித்து உட்காருதல்

யாரோடு யார் ஆடுவது என்று காட்டும் பேரிங் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள், செஸ்-ரிசல்ட்ஸ் தளத்திலும் போடுவார்கள். போர்டு எண், உங்கள் நிறம், எதிராளியின் பெயர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது நம் ஊரில் சாதாரணம், அதனால் இனிஷியலையும் பாருங்கள். போர்டு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வெள்ளைப் பக்கம் உட்கார வேண்டியவர் கருப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுவதும் நடக்கிறது. பட்டியலில் முதலில் இருக்கும் பெயர் வெள்ளை.

எதிராளியின் ரேட்டிங்கை (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடுங்கள். 1700 என்றால் பயப்படுவதும், ரேட்டிங் இல்லாத சிறு பையன் என்றால் வேகமாக ஆடுவதும் ஒரே நோய்தான். ஃபிடே ரேட்டிங்கின் அடித்தளம் 2024 மார்ச் முதல் 1400. அதற்குக் கீழே எண் கிடையாது என்பதால், ரேட்டிங் இல்லாதவர்களில் நேற்று கற்றுக்கொண்டவரும் இருப்பார், இரண்டு வருடம் கோச்சிங் போனவரும் இருப்பார்.

உட்கார்ந்ததும் காய்கள் சரியாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். கடிகாரத்தில் 1:30 காட்டுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். சந்தேகம் இருந்தால் நடுவரைக் கேட்க இதுதான் நல்ல நேரம், பத்து நகர்த்தல் போன பிறகு கேட்டால் எல்லோருக்கும் தலைவலி.

3. ஸ்கோர்ஷீட்டின் தலைப்பகுதி

நகர்த்தல்களை எழுதும் தாள்தான் ஸ்கோர்ஷீட். அதில் ரவுண்டு, போர்டு எண், இருவர் பெயர், தேதி எல்லாவற்றையும் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு எழுதினால் அது உங்கள் நேரம்.

நகர்த்தல்களை எழுதும் குறியீட்டில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்றுதான். ராஜாவுக்கு 'கே' என்பதால் குதிரைக்கு 'என்' எழுத வேண்டும். கையின் பழக்கத்தில் குதிரைக்கும் 'கே' எழுதிவிடுகிறார்கள். பிறகு மூன்று முறை ஒரே நிலை வந்தது என்று நிரூபிக்கப் போகும்போது அந்தத் தாள் உதவாது.

4. ஒரு நகர்த்தலின் வரிசை

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இது. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த வரிசையைக் கைக்குப் பழக்கிவிடுங்கள்.

எதிராளி ஆடிவிட்டுக் கடிகாரத்தை அழுத்துகிறார். முதல் வேலை, அவர் ஆடியதை எழுதுவது. பதில் ஆடிவிட்டுச் சேர்த்து எழுதவும் விதி அனுமதிக்கிறது. ஆனாலும் முதலில் எழுதுங்கள். எழுத வேண்டுமானால் எந்தக் காய், எந்தக் கட்டம் என்று கண் போய்ப் பார்த்தாக வேண்டும். பரபரப்பில் இருப்பவரை அந்த ஐந்து விநாடி நிறுத்திவைக்கும்.

இரண்டாவது, "இவர் ஏன் இதை ஆடினார்?" என்ற கேள்வி. அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, நகர்ந்ததால் பின்னால் இருந்த எந்தக் காய்க்கு வழி திறந்தது, முன்பு காவலில் இருந்த எதை விட்டுவிட்டு வந்தது. புதியவர்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறார்கள். நகர்ந்த குதிரையைப் பார்ப்பார்கள். அதன் பின்னால் திறந்துகொண்ட பிஷப்பின் மூலைவிட்டத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, உங்கள் யோசனை. இரண்டு அல்லது மூன்று நகர்த்தல்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் எதிராளியின் பதிலோடு சேர்த்துப் பாருங்கள். யோசிக்கும்போது கை மடியில் இருக்கட்டும். மேஜை மேல் இருக்கும் கை, மூளை முடிக்கும் முன்பே காயை எடுத்துவிடும்.

நான்காவது, முடிவு செய்த பிறகு ஒரு சோதனை. நீங்கள் அந்த நகர்த்தலை ஆடிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, எதிராளியின் நாற்காலியிலிருந்து பலகையைப் பாருங்கள். அவர் கொடுக்கக்கூடிய செக் என்னென்ன, வெட்டக்கூடியது என்னென்ன? எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள், அபத்தமாகத் தெரிகிறதையும் சேர்த்து. அமெச்சூர் ஆட்டங்களில் பறிபோகும் காய்களில் பெரும்பகுதி இந்த ஒரு படியைத் தாண்டியதால் போனவை.

ஐந்தாவது, ஒரே கையால் ஆடி, அதே கையால் கடிகாரத்தை அழுத்துவது. வலது கையால் ஆடி இடது கையை கடிகாரத்தின் மேலேயே வைத்திருக்கக்கூடாது. கேஸ்லிங் செய்யும்போது இரண்டு கையையும் உபயோகித்துக் கடிகாரத்தை அழுத்தினால், சட்டவிரோத நகர்த்தலுக்கு (எட்டாம் பகுதி) உள்ள அதே தண்டனை.

ஆறாவது, உங்கள் நகர்த்தலை எழுதுவது. இந்த இடத்தில் பழைய பழக்கம் ஒன்று சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆடுவது. ஒரு காலத்தில் பயிற்சியாளர்களே சொல்லிக்கொடுத்த முறைதான், ஆனால் இப்போது விதிக்கு எதிரானது. டிரா கோரும்போது மட்டும் விலக்கு.

கடைசியாகப் பலர் தடுமாறும் விதி: ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுத வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 30 விநாடி இன்கிரிமென்ட் உள்ள ஆட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. கடைசி நகர்த்தல் வரை எழுதியாக வேண்டும்.

5. தொட்ட காய்

உங்கள் முறை வரும்போது உங்கள் காயை நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமானால், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்லுங்கள். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. எதிராளியின் முறையில் காயைச் சரிசெய்யவும் கூடாது.

கேஸ்லிங்கில் முதலில் ராஜாவைத் தொடுங்கள். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் அந்த நகர்த்தலில் கேஸ்லிங் கிடையாது.

எதிராளி காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை ஆடினால்? உடனே கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி, நடுவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் பதில் ஆடுவதற்காக உங்கள் காயைத் தொட்டுவிட்டால் புகார் சொல்லும் உரிமை போய்விடும். எதிராளியோடு வாக்குவாதம் வேண்டாம். அது நடுவரின் வேலை.

6. ஓப்பனிங்கில் கை ஓடுவதை நிறுத்துவது

புதியவருக்கு ஓப்பனிங்கில் இருபது நகர்த்தல் மனப்பாடம் தேவையில்லை. வெள்ளைக்கு ஒன்று, இ4-க்கு எதிராக ஒன்று, டி4-க்கு எதிராக ஒன்று, ஒவ்வொன்றிலும் எட்டு நகர்த்தல்வரை ஏன் என்று தெரிந்தால் போதும்.

ஆபத்து இருப்பது திருப்பி வெட்டும் பழக்கத்தில். இந்த மட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம்: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, குதிரை எஃப்6 4. குதிரை ஜி5, டி5 5. இ-சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது. இப்போது கருப்பின் கை தானாகவே குதிரையால் டி5-ஐ வெட்டப் போகும். வெட்டினால் 6. குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது. அது ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் தாக்குவதால் ராஜா அதை வெட்டுகிறது. அடுத்து வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக் கொடுத்துக்கொண்டே டி5 குதிரையையும் தாக்குகிறது. குதிரையைக் காப்பாற்ற கருப்பு ராஜா இ6-க்கு, பலகையின் நடுவுக்கு, நடந்துவர வேண்டும். கருப்பு அங்கேயே தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் போட்டி ஆடும் ஒருவர் அந்த ராஜாவை வைத்துக்கொண்டு பிழைப்பது கஷ்டம். அதனால்தான் ஐந்தாவது நகர்த்தலில் குதிரையை ஏ5-க்கு எடுத்து பிஷப்பைத் தாக்குவது வழக்கமான பதில்.

எதிராளி ஒரு காயை வெட்டியதும் பதிலுக்கு வெட்டுவது கட்டாயம் என்று தோன்றும் கணத்தில்தான் நான்காம் பகுதியின் சோதனை மிகவும் தேவை.

7. நேரத்தைப் பங்கிடுவது

90 நிமிடமும் 40 நகர்த்தலுக்கான இன்கிரிமென்ட்டும் சேர்ந்தால் 110 நிமிடம். சராசரியாக ஒரு நகர்த்தலுக்கு இரண்டே முக்கால் நிமிடம். எல்லா நகர்த்தலுக்கும் அதே அளவு செலவிடத் தேவையில்லை.

நான் சிறுவர்களுக்குக் கொடுக்கும் கணக்கு இது: 10-வது நகர்த்தலில் 80 நிமிடம் மீதி, 20-ல் 55, 30-ல் 25, 40-ல் பத்துக்கு மேல். ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை கடிகாரம் காட்டும் நேரத்தை ஸ்கோர்ஷீட்டின் ஓரத்தில் குறியுங்கள். இதற்கு விதியில் தடையில்லை. வீட்டுக்குப் போய் அலசும்போது இந்த எண்கள் நகர்த்தல்களைவிட அதிகம் பேசும்.

நேர நெருக்கடி புதியவர்களின் முதல் பிரச்சினை இல்லை. தோற்று எழுந்திருக்கும்போது கடிகாரத்தில் 70 நிமிடம் மிச்சம் இருப்பதுதான் பிரச்சினை. ஆன்லைனில் மூன்று நிமிட, பத்து நிமிட ஆட்டங்களிலேயே வளர்ந்தவர்களுக்கு யோசிக்கும் தசை இருக்காது. நீண்ட நேரம் எங்கே யோசிப்பது? தெரிந்த ஓப்பனிங் முடியும் இடத்தில், ஒரே கட்டத்தில் பல காய்கள் வெட்டிக்கொள்ளக் காத்திருக்கும்போது, ராணிகளை மாற்றிக்கொள்ளும் முன். இந்த இடங்களில் பத்து நிமிடம் எடுப்பது வீண் இல்லை.

எதிராளி யோசிக்கும்போது எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். பக்கத்து போர்டைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். உங்கள் முறை ஓடும்போது நடுவரின் அனுமதி இல்லாமல் ஆடும் இடத்தை விட்டு வெளியேறக்கூடாது.

8. சட்டவிரோத நகர்த்தலும் ப்ரமோஷனும்

செக்கைக் கவனிக்காமல் வேறு காயை ஆடிவிட்டீர்கள், ஆனால் இன்னும் கடிகாரத்தை அழுத்தவில்லை என்றால் சரிசெய்துகொள்ளலாம், தொட்ட காயால் ஆட முடிந்தால் அதையே ஆட வேண்டும். அழுத்திவிட்டால் நகர்த்தல் முடிந்ததாகக் கணக்கு. முதல் முறைக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல். அதே ஆட்டத்தில் இரண்டாவது முறை செய்தால் தோல்வி. எதிராளியிடம் மேட் செய்யவே வழியில்லாத காய்கள் மட்டும் இருந்தால் டிரா.

எதிராளி சட்டவிரோதமாக ஆடினால் நீங்களே திருப்பி வைக்காதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரைக் கூப்பிடுங்கள்.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போகும்போது, ராணியை அந்தக் கட்டத்தில் வைத்த பிறகுதான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். சிப்பாயைத் தள்ளிவிட்டு அழுத்தினால் சட்டவிரோத நகர்த்தல். கையில் ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் கேளுங்கள். வீட்டில் செய்வதுபோல் யானையைத் தலைகீழாக வைத்து "ராணி" என்றால் ஹாலில் அது யானைதான். சிப்பாய் ஆறாவது வரிசையில் இருக்கும்போதே, எதிராளியின் முறை ஓடும் நேரத்தில், ஒரு ராணி அருகில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

9. டிரா கேட்பது, கோருவது

இரண்டும் வேறு வேறு. கேட்பதற்கான வரிசை: முதலில் ஆடுங்கள், பிறகு "டிரா?" என்று ஒருமுறை சொல்லுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். ஸ்கோர்ஷீட்டில் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு அடைப்புக்குள் வையுங்கள். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. வாயால் மறுக்கும்வரை, அல்லது ஆடுவதற்காகக் காயைத் தொடும்வரை அது எதிராளியின் கையில் இருக்கும். ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால் தொந்தரவு செய்ததாக நடுவர் எச்சரிக்கலாம்.

கோருவது என்பது ஒரே நிலை மூன்று முறை வந்ததற்கோ, 50 நகர்த்தல் சிப்பாய் நகராமல் எதுவும் வெட்டப்படாமல் போனதற்கோ. "ஒரே நகர்த்தலை மூன்று முறை ஆடினோம்" என்று வந்து நிற்பார்கள். விதி கேட்பது அதுவல்ல. பலகை முழுவதும் அதே நிலை, அதே ஆளின் முறை, அதே கேஸ்லிங் உரிமைகள். தொடர்ச்சியாக வர வேண்டும் என்பதில்லை.

உங்கள் நகர்த்தலால் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், அதைத் தாளில் எழுதுங்கள், பலகையில் ஆடாதீர்கள், கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் சொல்லுங்கள். ஆடி அழுத்திவிட்டால் கோரும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். கோரிக்கை தவறு என்று தெரிந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும்.

தோற்கும் நிலையில் டிரா கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. அதைவிட நல்ல நகர்த்தல் ஒன்றைத் தேடுவது அதிகம் பலன் தரும்.

10. கடைசிக் கட்டம்

ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக எல்லாக் காய்களையும் மாற்றிக்கொண்டு சிப்பாய் முடிவாட்டத்துக்குள் குதிக்காதீர்கள். மாற்றும் முன் இதைச் சரிபாருங்கள்: உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால் போய் நிற்க முடியுமா? வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கருப்பு ராஜா இ8 என்றால் யார் முறையாக இருந்தாலும் வெள்ளைக்கு வெற்றி. ஓரச் சிப்பாய்க்கு இது பொருந்தாது. எதிராளி ராஜா மூலைக்கு வந்துவிட்டால் டிரா.

ராணியை வைத்து மேட் செய்யும்போது மூலையைக் கவனியுங்கள். கருப்பு ராஜா ஏ8-ல் தனியாக நிற்க, வெள்ளை ராணி சி7-க்கோ பி6-க்கோ வந்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆட நகர்த்தலும் இல்லை, ஆட்டம் டிரா. மூலையில் உள்ள ராஜாவுக்குக் குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைக்கும் முன், அவருக்கு வேறு ஏதாவது நகர்த்தல் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

ராணியை இழந்த நிமிடமே ரிசைன் செய்வது (தோல்வியை ஒப்புக்கொள்வது) இந்த மட்டத்தில் அவசரப்படுவதுதான். எதிராளியும் உங்களைப் போலத்தான், அவருக்கும் ஸ்டேல்மேட் நடக்கும்.

11. முடிவைப் பதிவு செய்வது

ஆட்டம் முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். ரிசைன் செய்வதானால் வாயால் சொல்லுங்கள். ஒன்றும் பேசாமல் கையை நீட்டினால், நீட்டியவர் தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஒருவரும் டிரா கேட்டதாக மற்றவரும் எடுத்துக்கொண்டு நடுவர் முன் நிற்பதைப் பார்க்கலாம்.

முடிவை எழுதுவதில் ஒரு பொறி உண்டு. முதல் எண் எப்போதும் வெள்ளைக்கு. கருப்பில் ஜெயித்த குழந்தை "நான் ஜெயிச்சேன்" என்று சந்தோஷத்தில் 1-0 என்று எழுதும். தோற்றவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அடுத்த ரவுண்டு பேரிங் அந்தத் தவறின்மேல் போடப்பட்டுவிட்டால் திருத்துவது சுலபமில்லை. இரண்டு தாளிலும் ஒரே முடிவு, இரண்டிலும் இருவர் கையெழுத்து. மேல்தாளைக் கொடுத்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் முடிவு ஏறியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

ரேட்டிங் கணக்கு ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும், அவை ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் சேர்ந்தாலும் சரி. முதல் போட்டியில் பூஜ்யம் எடுத்தால் அந்தப் போட்டி கணக்கில் வராது. ரேட்டிங் வந்த பிறகு, முதல் 30 ஆட்டம் முடியும்வரை கே எண் (ரேட்டிங் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், ஜெயித்தால் 20 வரும்.

12. அலசல்: என்ஜின் கடைசியில்

ஹாலுக்கு வெளியே வந்ததும், எதிராளி தயாராக இருந்தால் அவரோடு ஒரு போர்டில் ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பாருங்கள். "இந்த இடத்துல நீங்க என்ன பயந்தீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் பார்க்கவே இல்லாத ஒன்றுக்கு அவர் கால் மணி நேரம் பயந்திருப்பார். இந்தத் தகவலை எந்த என்ஜினும் (செஸ் ஆடும் கணினி நிரல்) தராது.

வீட்டில் செய்ய வேண்டிய வரிசை: முதலில் நகர்த்தல்களை உள்ளிடுங்கள், என்ஜினை அணைத்தபடி. பிறகு ஆட்டத்தின்போது யோசித்ததை நினைவிருக்கும் அளவுக்கு எழுதுங்கள்: எந்த நகர்த்தலை ஒதுக்கினேன், ஏன். மூன்றாவதாக, ஆட்டம் எங்கே திரும்பியது என்று நீங்களே ஒரு நகர்த்தலைக் குறியுங்கள். இவ்வளவுக்கும் பிறகு என்ஜினைப் போடுங்கள்.

முதலிலேயே போட்டால் சிவப்பு எண் வந்த இடமெல்லாம் "ஆமா, தெரியும்" என்று தோன்றும். ஆட்டத்தில் என்ன நினைத்தீர்கள் என்பது அதோடு அழிந்துவிடும். நீங்கள் குறித்த நகர்த்தலும் என்ஜின் காட்டுவதும் வேறாக இருந்தால், அந்த நகர்த்தலுக்கு அருகே ஓரத்தில் எழுதிய கடிகார நேரத்தைப் பாருங்கள். அங்கே அரை நிமிடம் செலவழித்திருந்தால் சரிசெய்ய வேண்டியது நான்காம் பகுதி. பத்து நிமிடம் யோசித்தும் தப்பாக ஆடியிருந்தால் பயிற்சிக் கணக்குகள் போட வேண்டும். அதே வகை நிலைகளை எடுத்து, அடுத்த போட்டி வரும்வரை தினமும் சிலவற்றை, பலகையில் காய்களை அடுக்கி வைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு.